ஐரோப்பாவிலேயே செய்த ரேம், எஸ்எஸ்டி இருக்கா?

வணக்கம் மக்களே, ஜெர்மனியில் எங்கள் ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வாங்கணும். ரேம் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பாகம்) எல்லாம் ஐரோப்பாவில் செய்ததாகவே இருக்கணும் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

தேடினதில் போலந்தின் குட்ராம், பெர்லினில் ஆலை வைத்திருக்கும் ஸ்விஸ்பிட் என்று இரண்டு பிராண்டுகள் கிடைத்தன. ஆனால் அங்கே நடப்பது பலகையில் சிப்பைப் பொருத்துகிற வேலைதான். மெமரி சிப் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மாதிரி ஆட்களிடமிருந்துதான் வரணும். கடையில் மாவு வாங்கி வீட்டில் தோசை சுட்ட கதை! ஜெர்மனியின் டிரெஸ்டனில் டிராம் (DRAM) எனும் ரேமுக்கான மெமரி சிப்பையே செய்துகொண்டிருந்த கிமோண்டா 2009-இல் திவாலாகிவிட்டது. ஹார்ட் டிஸ்கிலும் சீகேட் வட அயர்லாந்தின் டெர்ரியில் செய்வது டிஸ்கில் தகவலைப் படித்து எழுதும் ஹெட் பாகம்தான், முழு டிஸ்க் இல்லை.

சிப் உட்பட இங்கேயே செய்த சரக்கு எதையாவது சமீபத்தில் வாங்கியவர்கள் இருக்கீங்களா? இல்லையென்றால், பொருத்தின இடத்துக்குச் சான்று தரச்சொல்லி விற்பவரிடம் எப்படிக் கேட்பது? வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்லணும்.