வெல்ஷ் மொழி வரைபடம்: கார்மார்தன்ஷயர் இறங்குகிறது, கார்டிஃப் ஏறுகிறது. எதை நம்புவது?

கரிகாலன்_சுவான்சி

எல்லோருக்கும் வணக்கம். சுவான்சியில் முதுநிலை படிக்கிறேன். வெல்ஷ் பேசத் தெரிந்தவர்களின் விகிதம் வேல்ஸில் பகுதிவாரியாக எப்படி மாறி வந்திருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் என் ப்ராஜெக்ட். 1991, 2001, 2011, 2021 சென்சஸ்களை எடுத்திருக்கிறேன். சில இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கார்மார்தன்ஷயரில் 2001-ல் பாதிப்பேர் பேசினார்கள். 2011-ல் 43.9%, 2021-ல் 39.9%. இரண்டு முறையும் வேல்ஸிலேயே பெரிய சரிவு இங்கேதான். கார்டிஃபில் அதே காலத்தில் 11.0, 11.1, 12.2 என்று ஏறுகிறது. தலைநகரம், ஆங்கிலம் புழங்கும் ஊர், அங்கே எப்படி ஏறும்?

அடுத்தது தென்கிழக்கில் இருக்கிற மன்மத்ஷயர். 1991-ல் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2001-ல் 9-ஐத் தாண்டிவிட்டது. பத்து வருடத்தில் இப்படி நடக்குமா, இல்லை தரவில் கோளாறா?

கடைசியாக, 2021 சென்சஸ் மொத்த வேல்ஸுக்கு 17.8% என்கிறது. ஆண்டு மக்கள்தொகை ஆய்வு 28, 29% என்கிறது. என் கைடு "இரண்டையும் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தரவுத்தச்சன்

சுருக்கமாகச் சொல்கிறேன், வேலை கிடக்கிறது.

இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். சென்சஸ் கட்டாயம், படிவத்தை வீட்டிலேயே நிரப்புகிறார்கள். மற்றது மாதிரி ஆய்வு, விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம், பேட்டி எடுப்பவர் கேட்கிறார். இரண்டிலும் 3 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான், ஆனால் இடைவெளி பெரும்பாலும் குழந்தைகள் பக்கம் விழுகிறது. 2021 சென்சஸில் 5–15 வயதில் 34.3% பேசுவார்கள், ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளில் பாதியை ஒட்டி வருகிறது. பிள்ளைக்காகப் பதில் சொல்வது பெற்றோர். ஊர்களை ஒப்பிட வேண்டும் என்றால் சென்சஸ்தான். மாதிரி ஆய்வைச் சிறிய கவுன்சில் அளவுக்குப் பிரித்தால் எண் வருடாவருடம் குதிக்கும்.

1991-ஐ எடுக்கும்போது எல்லையைக் கவனியுங்கள். இப்போதுள்ள 22 கவுன்சில்கள் 1996-ல் வந்தவை. அதற்கு முன்பு வடமேற்கிலுள்ள குவினெத்துக்குள் ஆங்கிள்சி தீவும் இருந்தது. பழைய குவினெத்தையும் புதிய குவினெத்தையும் பெயரை மட்டும் பார்த்து ஒட்டினால் கதை கந்தலாகிவிடும். வார்டு அளவிலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மன்மத்ஷயரில் கோளாறு இல்லை. 1990-லிருந்து பள்ளிப் பாடத்திட்டத்தில் வெல்ஷ் கட்டாயம் ஆனது. பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள், பெற்றோர் 2001 படிவத்தில் டிக் செய்தார்கள். அதே பிள்ளைகள் இருபதைத் தாண்டியதும் அந்த டிக் பெருமளவு காணாமல் போனது. ஒரே தலைமுறையைச் சென்சஸ் சென்சஸாகப் பின்தொடர்ந்தால் தென்கிழக்கு முழுவதும் இதே படம் வரும்.

---

மருந்துக்கடை_மங்கை

தம்பி, எந்த எண்ணை நம்புவது என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த எண்ணுக்குள் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

நான் மருந்தாளுநர். அம்மன்ஃபோர்டு பக்கம் (ஆற்றின் பெயரால் வந்த ஊர், கோயில் தேடி வந்துவிடாதீர்கள்) பல வருடம் கவுண்டரில் நின்றேன். இப்போது கார்டிஃபில் வேலை. உங்கள் வரைபடத்தில் இறங்குகிற ஊர், ஏறுகிற ஊர் இரண்டிலும் சீட்டு வாங்கி மருந்து கொடுத்தவள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

அம்மன்ஃபோர்டில் காலையில் கடை திறந்ததும் வருகிற கூட்டம் எழுபது, எண்பது வயது. பிரஷர் மாத்திரை, இன்ஹேலர். என்னோடு வேலை பார்த்த பெண் அந்த ஊர்க்காரி, வெல்ஷ் பேசுவேன் என்று காட்டும் ஆரஞ்சு பேட்ஜ் குத்தியிருப்பாள். பாட்டிகள் அந்தப் பேட்ஜைப் பார்த்துவிட்டால் என் பக்கம் திரும்பவே மாட்டார்கள். மாத்திரை எப்போது போடணும் என்பதில் தொடங்கி யாருக்குக் கல்யாணம் என்பது வரை வெல்ஷில்தான். கூட வந்த மகள், வயது ஐம்பது இருக்கும், அம்மா சொல்வதெல்லாம் புரிந்து தலையாட்டுவாள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பேரன் வெல்ஷ் வழிப் பள்ளி யூனிஃபார்மில் நிற்பான். சென்சஸில் பாட்டி எல்லாக் கட்டத்திலும் டிக், மகள் "புரியும்" என்பதில் மட்டும், பேரனுக்கு அம்மாவே உட்கார்ந்து நான்கு டிக். ஒரே வீடு, மூன்று விதமான வெல்ஷ். பாட்டி காலமானால் உங்கள் விகிதம் இறங்கும். அந்த இடத்துக்கு மகள் வரப்போவதில்லை.

கார்மார்தன்ஷயர் சரிவில் பெரிய பங்கு இதுதான் என்பது என் தீர்மானம். மாவட்டத்தின் கிழக்குப் பகுதி, அம்மன் பள்ளத்தாக்கும் க்வெண்ட்ரைத் பள்ளத்தாக்கும், ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரிப் பூமி. தென் வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்குச் சுரங்கங்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். அதனால் சுரங்கம், சேப்பல், ரக்பி கிளப் எல்லாவற்றிலும் வெல்ஷ் ஓடியது. 1984–85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் ஒன்றொன்றாகப் போயின. கன்ஹைத்ரே சுரங்கம் 1989-ல் மூடியது. இளைஞர்கள் வேலை தேடி சுவான்சிக்கும் கார்டிஃபுக்கும் கிளம்பினார்கள், காலியான வீடுகளுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பே, பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று நினைத்த பெற்றோர் ஒரு தலைமுறையை ஆங்கிலத்தில் வளர்த்து முடித்திருந்தார்கள். அதுதான் கவுண்டரில் தலையாட்டிய மகள்.

2011 சென்சஸில் இதற்கு நல்ல அட்டவணை இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் வெல்ஷ் பேசும் வீட்டில் 3–4 வயதுப் பிள்ளைகளில் 82% பேசுகிறார்கள். ஒருவர் மட்டும் பேசினால் 45%. ஏறக்குறைய பாதி.

இப்போது கார்டிஃப். இங்கே என் கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வெல்ஷில் கத்திக்கொண்டு வருவார்கள், கடைக்குள் கால் வைத்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. அந்தப் பெற்றோரைத் தேடி வெல்ஷ் வழிப் பள்ளிகள் பெருகின. மேல்நிலையில் மட்டும் கிளன்டாஃப் 1978, பிளாஸ்மவுர் 1998, ப்ரோ எடெர்ன் 2012. பெரியவர்களில் வெல்ஷ் பேசுகிறவர்கள் டிவி, செனெத் (வேல்ஸ் நாடாளுமன்றம்), அரசு அலுவலகம் என்று வேலைக்கு வந்தவர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் குவினெத், கெரெடிகியன், கார்மார்தன்ஷயர் என்பார்கள். கார்டிஃப் ஏறியதில் ஒரு பங்கு நீங்கள் இறங்கியதாகக் குறித்துவைத்த ஊர்களின் கணக்குதான். வரைபடத்தில் அது இரண்டு தனித்தனிச் செய்தி போலத் தெரியும்.

டிக் விஷயம் இன்னொன்று. 2021-ல் நான் "புரியும்" என்பதில் மட்டும் டிக் செய்தேன். என் மாலை வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர், என்னைவிட ஒரு சொல்கூட அதிகம் தெரியாதவர், நான்கிலும் டிக் செய்தார். சென்சஸ் "எவ்வளவு நன்றாக" என்று கேட்பதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒன்றிரண்டு சதவீத ஏற்ற இறக்கத்தைப் படிக்க வேண்டும்.

---

கரிகாலன்_சுவான்சி

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் விகிதத்தை விட்டுவிட்டு ஆள் எண்ணிக்கையை மட்டும் போடட்டுமா? எண்ணிக்கையில் கார்மார்தன்ஷயர் 84,000, 78,000, 73,000 என்று போகிறது. கார்டிஃப் 32,500-லிருந்து 42,700-க்கு வந்துவிட்டது. 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்ற அரசின் இலக்கும் எண்ணிக்கையில்தானே இருக்கிறது?

---

மெனாய்க்கரை

வேண்டாம் தம்பி, அங்கதான் நான் மறுக்கிறன். நான் பங்கோரில் இருக்கிறன்.

கார்டிஃபில் நாற்பதாயிரம் பேர் கதைப்பினம், ஆனா ஆர் கதைப்பினம் எண்டு தெரியாது. எட்டுப் பேரைக் கடந்தால் ஒராள் வருவார். இங்க குவினெத்தில இருக்கிற கேர்நார்வானில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல கதைப்பினம். அங்க பாண் வாங்கப் போனால் முதல் வார்த்தையே வெல்ஷ்தான், நீங்கள் முழிச்சால்தான் ஆங்கிலம் வரும். ஒரு மொழி கடைத்தெருவில நிக்கிறதுக்கு எண்ணிக்கை மட்டும் காணாது, செறிவு வேணும். 64.4% குவினெத்தையும் 12.2% கார்டிஃபையும் வெறும் தலையாய் எண்ணினால் இந்த வித்தியாசம் போயிடும்.

குவினெத் முழுக்க ஒரே மாதிரி எண்டும் நினைக்க வேண்டாம். கேர்நார்வானில இருந்து கொஞ்சத் தூரம் வந்தால் எங்கட பங்கோர். பல்கலைக்கழகம், வெளியூர்ப் பிள்ளையள், விகிதம் அப்படியே விழும். தெற்கே அபெர்சோக் போனால் விடுமுறை வீடுகள். கோடையில சனம், மாரியில பூட்டு. அந்த ஊர்ப் பிள்ளையளுக்கு அந்த ஊரில வீடு வாங்க ஏலாது. இரண்டாம் வீடுகளுக்கு கவுன்சில் வரியோட 150% மேலதிகம் போட்டிருக்கினம். 2024 செப்டம்பரில, குடியிருக்கிற வீட்டை விடுமுறை வீடாய் மாத்தத் திட்ட அனுமதியும் வேணும் எண்டு கவுன்சில் விதி கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் எவ்வளவு நல்லா நடத்தினாலும், படிச்ச பிள்ளைக்கு அங்க வீடும் வேலையும் இல்லையெண்டால் அந்தப் பிள்ளை அக்கா சொன்ன கார்டிஃப் கணக்கிலதான் போய் விழும்.

ஆனபடியால் கவுன்சில் சராசரியோட நிக்காமல் சின்னப் பரப்பளவு வரைக்கும் இறங்குங்கோ. சைமன் புரூக்ஸ் தலைமையில இருந்த வெல்ஷ் பேசும் சமூகங்களுக்கான ஆணைக்குழுவும் 2024 அறிக்கையில அதைத்தான் கேட்டது. மொழி அடர்த்தியாய் இருக்கிற இடங்களைத் தனியாய் அடையாளம் கண்டு, அங்க வீடு, திட்டமிடல், வேலை எல்லாத்துக்கும் தனிக் கொள்கை வேணும் எண்டு.

---

மருந்துக்கடை_மங்கை

மெனாய்க்கரை சொல்வது சரி, எண்ணிக்கையை மட்டும் போடச் சொல்லி நானும் சொல்லவில்லை. ஆனால் செறிவை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். 1901-ல் வேல்ஸில் வெல்ஷ் பேசியவர்கள் 49.9%, ஏறக்குறைய 9.3 லட்சம் பேர். 1911-ல் 43.5%, ஆனால் 9.77 லட்சம் பேர். விகிதம் சரிந்த அதே பத்து வருடத்தில் ஆட்கள் கூடினார்கள், ஏனென்றால் வெளியிலிருந்து வந்தவர்கள் அதைவிட வேகமாகக் கூடினார்கள். 1911-ஐ "வீழ்ச்சி" என்று ஒரே நிறத்தில் பூசினால் பாதி உண்மைதான். விகிதத்தை நிறமாகவும் ஆட்களைப் புள்ளியாகவும் ஒரே தாளில் போடலாமே. கார்டிஃப் வெளிறிய நிறத்தில் புள்ளி நெருங்கித் தெரியும், குவினெத் அடர்ந்த நிறத்தில் புள்ளி சிதறித் தெரியும்.

வீடு விலையைப் பற்றிச் சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. எங்கள் அம்மன் பள்ளத்தாக்கில் வீடு மலிவுதான், விடுமுறைக்காரர்களும் வருவதில்லை. ஆனாலும் சரிந்தது. கடற்கரையில் நடப்பதும் சுரங்க ஊரில் நடப்பதும் ஒன்றல்ல, ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்காது.

---

கரிகாலன்_சுவான்சி

புள்ளி யோசனை பிரமாதம். கைடிடம் சொல்லிவிட்டேன், தலையாட்டினார். ஒரே ஒரு கேள்வி. 2011-க்கும் 2021-க்கும் இடையே 5–15 வயதில் 40.3% என்பது 34.3% ஆகிவிட்டது. வெல்ஷ் பள்ளிகள் கூடிக்கொண்டிருக்க, இது எப்படி?

---

மருந்துக்கடை_மங்கை

2021 சென்சஸ் நாள் மார்ச் 21. பொதுமுடக்கத்தில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்து, அப்போதுதான் திரும்பப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயம். பிள்ளை வெல்ஷில் பேசுவதையே கேட்டிராத பெற்றோர் டிக் செய்யத் தயங்கியிருக்கலாம். அது ஒரு பங்கு என்று நினைக்கிறேன், முழுக்கவும் அதன் மேல் பழி போட மாட்டேன். உங்கள் அறிக்கையில் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

அதைவிட 3–4 வயதைத் தனியாக எடுங்கள். 23.3-லிருந்து 18.2-க்கு வந்திருக்கிறது. அந்த வயதில் வீட்டிலும் மழலையர் குழுவிலும் காதில் விழுந்ததுதான், பாடப்புத்தகம் இல்லை. கவுன்சில்வாரியாக, வயதுவாரியாக நோமிஸ் என்ற அரசுப் புள்ளிவிவரத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கார்மார்தன்ஷயருக்கும் கார்டிஃபுக்கும் அந்த வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே பதியுங்கள். கடையில் கூட்டம் வந்துவிட்டது, ராத்திரி வந்து பார்க்கிறேன்.