ஷாஜகான் ஆல்பத்துல ஹீரோ படமா, எழுத்தா?

சித்திரக்குள்ளன்:
ஷாஜகான் ஆல்பம் தெரியும்ல? முகலாய ராஜாக்கள் ஓவியத்தையும் அழகா எழுதின கையெழுத்துத் தாளையும் சேத்து வெச்ச ஆல்பம். மொத்தம் 50 ஏடு, 41 நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல, மீதி 9 வாஷிங்டன் ஃப்ரீயர் மியூசியத்துல. ஒரு வாரமா அத ஜூம் பண்ணி பாத்துட்டே இருக்கேன். மஸ்லின் அங்கிக்குள்ள பைஜாமா தெரியுது, கழுத்துல ஒவ்வொரு முத்தும் வெள்ளை பெயின்ட்ட லேசா புடைக்க வெச்சு போட்டது. ஆனா படத்த சுத்தி பாரசீகக் கவிதைய துண்டு துண்டா நறுக்கி ஒட்டியிருக்கான், அதுல பெரும்பாலும் படத்துல இருக்கற ஆளுக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என்னக் கேட்டா எழுத்து வெறும் ஃப்ரேம்தான். எவன் வேணா சண்டைக்கு வாங்க.

மைக்கூடு:
வந்துட்டேன். ஏட்ட திருப்பி பாத்தீங்களா பாஸ்? ஒரு பக்கம் படம்னா பின்பக்கம் எழுத்து. ஆல்பத்த புரட்டினா ரெண்டு படம் எதிரெதிரா வரும், அடுத்த விரிப்புல ரெண்டு எழுத்து எதிரெதிரா வரும், அப்படித்தான் கோத்திருக்காங்க. அந்த எழுத்துல நெறைய, பேர் போன எழுத்துக்கலைஞர் மீர் அலி கையால எழுதினது. ஹெராத்துல இருந்த மனுஷன 1528-29 வாக்குல உஸ்பெக் தலைவர் உபைதுல்லா கான் புகாராவுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டார், நல்லா எழுதத் தெரிஞ்சதே காலுக்கு சங்கிலி ஆயிடுச்சுன்னு அவரே கவிதையில பொலம்பியிருக்கார். ஷாஜகானோட அப்பா ஜஹாங்கீர் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதின தாள் அதெல்லாம். ஓவியர்கள் சம்பளத்துக்கு அரண்மனையிலயே இருக்காங்க, இன்னொரு படம் வேணும்னா போடச் சொல்லலாம், மீர் அலி தாள் இன்னொன்னு வேணும்னா எங்க போறது? அப்ப எது விலை கூட? அக்பர் அரசவை எழுத்தாளர் அபுல் ஃபஸலே அக்பர் ஆட்சியப் பத்தி எழுதின ஐன்-இ-அக்பரில படத்த விட எழுத்துதான் ஒசத்தின்னு சொல்லிட்டாரு.

சித்திரக்குள்ளன்:
அபுல் ஃபஸல் எழுத்தாளர் சார், அவரு வேற என்ன சொல்வாரு 😄 அதே புத்தகத்துலதான் அக்பர் ஓவியத்துக்கு வக்காலத்து வாங்கறாரு, உயிர் மாதிரியே வரைஞ்சும் உயிர் குடுக்க முடியலயேன்னு நெனைக்கறப்ப ஓவியனுக்கு கடவுள் ஞாபகம் வந்துதான் ஆகணும்னு. 1618ல ஜஹாங்கீரோட அரசவை ஆளு இனாயத் கான் அபினும் சாராயமும் தின்னு எலும்பும் தோலுமா சாகக் கெடந்தப்ப ஜஹாங்கீர் கூப்பிட்டது ஓவியர்களத்தான். அந்தப் படம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு, மார்கூடு எண்ணலாம், தலகாணிங்களுக்கு நடுவுல ஆளே காணாம போயிட்டான். ஒரே முகத்துல கண்ண ஒருத்தன் புருவத்த ஒருத்தன் போட்டிருந்தாக்கூட யாரு எதுன்னு சொல்லிடுவேன்னு நினைவுக்குறிப்புல பீத்திக்கிட்டவர் அவரு.

பழங்காகிதம்:
எனக்கு உருது படிக்க வரும், ஆனா இந்த நஸ்தலீக், அதாவது மீர் அலி எழுதின பாரசீக எழுத்து பாணி, சாய்வா மேலயும் கீழயும் போகும், எழுத்து மேல எழுத்து ஏறி ஒக்காந்திருக்கும், பாதிதான் புரியும். அத பாத்துட்டுதான் இருக்கணும், உடனே படிச்சு முடிக்கற சமாச்சாரம் இல்ல.
ரெண்டு பேரும் ஒன்ன விட்டுட்டீங்க. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல மின்டோ ஆல்பம்னு இன்னொரு முகலாய ஆல்பத்து ஏடு ஒன்னு, ஷாஜகான் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இளவரசன் குர்ரமா தலப்பாகை நகைய கையில புடிச்சுட்டு நிக்கறாரு. அதுல அவரே தன் கையால எழுதி வெச்சிருக்காரு, இது என் 25வது வயசுல நாதிர் அல்-ஸமான் போட்ட படம், நல்லா வந்திருக்குன்னு. நாதிர் அல்-ஸமான்னா அபுல் ஹசன், ஜஹாங்கீர் குடுத்த பட்டம். அந்த ஒரு வரி இல்லேன்னா அது எவனோ ஒரு இளவரசன் ப்ரோ.

சித்திரக்குள்ளன்:
அது கேப்ஷன். மீர் அலி சமாச்சாரம் வேற.

மைக்கூடு:
ராஜாவே எழுதினாலும் கேப்ஷனா, சரிதான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பக்கத்தத்தான் மேல வெக்க முடியும், கூட்டம் எதுக்கு வரும்? முகத்துக்கு. அதான் எழுத்து செவுத்துப் பக்கமே கெடக்கு, அதப் பாத்துட்டு வந்து இங்க ஃப்ரேம்னு போஸ்ட். இன்னொன்னு, அந்த 50ல சிலது 19ஆம் நூற்றாண்டுல போட்ட காப்பி. நீங்க ஒரு வாரமா ஜூம் பண்ணது எது?

சித்திரக்குள்ளன்:
...ஏடு நம்பர் பாத்துட்டு வரேன் இருங்க. காப்பியா இருந்தாலும் அந்த முத்து முத்துதான்.