தமிழெல்லாம் ‘வட்டத்துக்குள் ஆர்’ ஆகிவிட்டது: டேட்டாபேஸ் மாற்றியதில் எங்கே தப்பு?

ஈரோட்டு மல்லிகை:
அப்பா 2006இல் தொடங்கிய விடுகதைத் தளம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுவது. ஊர் ஊராகக் கேட்டு எழுதியது, மொத்தம் 1,912 பதிவு. அவர் போன பிறகு வருஷா வருஷம் நான்தான் பணம் கட்டுகிறேன். எனக்கு டேலி தெரியும், டேட்டாபேஸ் தெரியாது. பழைய ஹோஸ்டிங்கில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று வேறு இடத்துக்கு மாற்றினேன்.

பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைத் திறக்கும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தேன். ஃபைலில் ‘லத்தீன்1’ என்று இருந்ததையெல்லாம் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன், மாற்றினேன். கூடவே முகவரியை எச்டிடிபி-யிலிருந்து எச்டிடிபிஎஸ் ஆக்கினேன். இம்போர்ட்டில் பிழை எதுவும் வரவில்லை. ஆனால் தளத்தைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதுவே வரிசையாக. ஆங்கில எழுத்தும் தேதியும் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. ஓரத்தில் இருந்த ‘இன்றைய விடுகதை’ பெட்டியைக் காணவே காணோம்.

ஆன்லைன் கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டேன். தமிழ் வந்தது, ஆனால் ‘விடுகதை’ என்பது ‘விட??கதை’ ஆகிவிட்டது. புள்ளி வரும் இடமும் அப்படித்தான். பழைய கணக்கு மூட இன்னும் 4 நாள்தான். உதவுங்கள்.

கரண்ட்பாக்ஸ்:
ஃபான்ட் பிரச்சினை மாதிரி இருக்கிறது. வேறு தமிழ் ஃபான்ட் போட்டுப் பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
ஃபான்ட் இல்லை. அக்கா, இரண்டு கேள்வி. பழைய இடத்தில் பிஎச்பிமைஅட்மினுக்குள் பார்த்தாலும் இதே கிறுக்கல்தானே தெரிந்தது? டேட்டாபேஸ் அளவையும் எக்ஸ்போர்ட் ஃபைல் அளவையும் சொல்லுங்கள்.

ஈரோட்டு மல்லிகை:
ஆமாம்! அப்பாவிடம் ஒருமுறை கேட்டதற்கு, “உள்ளே எட்டிப் பார்க்காதே, வெளியே நல்லாத்தான் இருக்கு” என்றார். அளவு: அங்கே 38 எம்பி, ஃபைல் 79 எம்பி. ஏன் கூடியது என்று எனக்கும் புரியவில்லை.

ராத்திரி ஷிப்ட்:
அப்படியானால் சந்தேகமே இல்லை. டேட்டாபேஸோடு எந்த எழுத்துமுறையில் பேசுவது என்று சொல்லும் டிபி_சார்செட் வரி, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் 2007இல் 2.2 பதிப்போடுதான் வந்தது. உங்கள் அப்பா அதற்கு முன்பே தொடங்கிவிட்டார். அப்டேட் எத்தனை போட்டாலும் அந்த ஃபைலை அது தொடாது. வேர்ட்பிரஸின் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல். அன்று அதற்கு இயல்பான எழுத்துமுறை, மேற்கத்திய எழுத்துகளுக்கான லத்தீன்1. ஆக, தமிழின் பைட்டுகள் லத்தீன் என்ற பெயர்ப்பலகையின் கீழ் 20 வருஷமாகக் குடியிருந்தன. போட்டவனும் லத்தீன், எடுத்தவனும் லத்தீன் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

எக்ஸ்போர்ட் செய்தபோது பிஎச்பிமைஅட்மின் அந்தப் பலகையை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனி லத்தீன் எழுத்தாக எண்ணி, இன்னொரு முறை, எல்லா மொழிக்குமான யூடிஎஃப்8 ஆக்கிவிட்டது (நீங்கள் போட்ட யூடிஎஃப்8எம்பி4-உம் அதே வகைதான்). ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட். இப்போது 6 அல்லது 7. ஃபைல் இரட்டிப்பானது அதனால்தான். பலகையையாவது விட்டுவைத்திருந்தால் இம்போர்ட்டில் அது திரும்ப மாறியிருக்கும். வீடியோ சொன்னபடி அதையும் மாற்றியதில் கிறுக்கலே உண்மையான தரவு ஆகிவிட்டது.

பெட்டி காணாமல் போனதும் இதனால்தான். விட்ஜெட் எனப்படும் அந்த ஓரப் பெட்டியின் உரையோடு அதன் நீளத்தையும் வேர்ட்பிரஸ் பைட் கணக்கில் எழுதிவைத்திருக்கும். ‘தமிழ்’ என்றால் 15. இப்போது நீளம் ஒத்துப்போகாததால் மொத்தத்தையும் தள்ளிவிடுகிறது.

அவசரத்துக்கு, புது இடத்தில் கான்ஃபிக்கில் டிபி_சார்செட் ‘லத்தீன்1’ என்று போடுங்கள், தமிழ் தெரியும். ஆனால் அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பதிவு எழுதாதீர்கள். சரியான வைத்தியம் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில், கட்டளை தட்டும் டெர்மினல் இருந்தால், டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ‘டிஃபால்ட்-கேரக்டர்-செட்’ லத்தீன்1 என்று கொடுத்து, ‘ஸ்கிப்-செட்-சார்செட்’டும் சேர்த்து ஓட்டுங்கள். வரும் ஃபைலைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே சொல்லுங்கள். தெரிந்தால், டேபிள் வரையறையில் ‘சார்செட்=லத்தீன்1’ என்று வரும் இடங்களை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி, இம்போர்ட்டிலும் எழுத்துமுறையாக அதே யூடிஎஃப்8எம்பி4-ஐக் கொடுங்கள். கான்ஃபிக்கிலும் அதையே போடுங்கள். முகவரியைத் தொடாதீர்கள்.

மூன்றாம் பைட்:
கன்வெர்ட்டர் விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் ஒருமுறை இதில் இரண்டு நாள் தொலைத்தவன். லத்தீன்1-ஐ ஒத்த விண்டோஸ்-1252 என்ற எழுத்து அட்டவணையில் 5 இடம் காலி (பதினாறடிமான எண்ணில்): 81, 8டி, 8எஃப், 90, 9டி. நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. ‘ு’ குறிக்கு 81. ‘ஏ’வுக்கு 8எஃப், ‘ஐ’க்கு 90. அந்த அட்டவணையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கருவிகள் இந்த நாலையும் கேள்விக்குறி ஆக்கிவிடும். தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத வரி எது? மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்தக் காலி இடங்களையும் நிரப்பி வைத்திருக்கிறது, அதனால் அதற்குள்ளேயே மாற்றினால் எதுவும் சிந்தாது. கன்வெர்ட்டரிலிருந்து வந்த ஃபைலை அழித்துவிடுங்கள், தவறி அதை ஏற்றிவிடப் போகிறீர்கள்.

ஈரோட்டு மல்லிகை:
ராத்திரி 11 மணிக்கு டெர்மினல் என்ற கறுப்புத் திரையை வாழ்க்கையில் முதல்முறை திறந்தேன். புது ஃபைல் 40 எம்பிக்குள்தான். திறந்ததும் முதல் விடுகதையே கண்ணில் பட்டது: ‘அடிக்காத பிள்ளை அலறி அலறி அழுகிறது’. புள்ளி, உகரம் எல்லாம் இருக்கிறது. ஏற்றிவிட்டேன், 1,912ம் வந்துவிட்டது.

அண்ணா, ஒரு தப்பு செய்துவிட்டேன். முகவரியைத் தொடாதே என்றீர்கள், கை பழக்கத்தில் எச்டிடிபிஎஸ் மாற்றத்தை மறுபடி செய்துவிட்டேன். பெட்டி இன்னும் வரவில்லை.

ராத்திரி ஷிப்ட்:
அந்த ஒரு ‘எஸ்’ஸால் நீளம் 1 கூடிவிட்டது, அவ்வளவுதான். மாற்றாத ஃபைலை மறுபடி ஏற்றுங்கள். அப்புறம் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கட்டளைக் கருவியின் சர்ச்-ரிப்ளேஸ் கொண்டு முகவரியை மாற்றுங்கள், அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். பழைய கணக்கைக் கடைசி நாள் வரை மூடாதீர்கள்.

கரண்ட்பாக்ஸ்:
ஃபான்ட் என்று சொன்னதற்கு மன்னிக்கவும். அந்த விடுகதைக்கு விடை என்ன? இடியா?