மலையேறும்போது தானாகத் திறக்கும் இழுப்பறை: வேனில் பெட்டியை எப்படிப் பிணைப்பது?

கேள்வி:
தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலுக்காக, என் வேனின் பின்பகுதியில் 18 மி.மீ. பிளைவுட்டில் 80 செ.மீ. நீளப் பெட்டியும், பின்கதவுப் பக்கமாகத் திறக்கும் இழுப்பறையும் நானே செய்து வைத்திருக்கிறேன். சமையலறை டிராயர் சறுக்கி வரப் போடும், 45 கிலோ தாங்கும் சேனலைத்தான் போட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இழுப்பறை நழுவிப் பின்கதவில் இடிக்கிறது. வண்டியை நிறுத்தி முழுவதும் இழுத்தாலோ, பெட்டியின் முன்பக்கம் (ஓட்டுநர் பக்கம்) தரையை விட்டு எழும்புகிறது. நாடாவால் மட்டுமே கட்டியிருக்கிறேன். தரையில் துளையிட அச்சமாக இருக்கிறது.

பதில் 1:
கருவிகளோடு இழுப்பறை எவ்வளவு எடை இருக்கும், தம்பி?

கேட்டவர்:
50 கிலோ, ஐயா. வெறும் பெட்டி 20 கிலோ. இழுப்பறை 70 செ.மீ. வெளியே வரும்.

பதில் 1:
அப்படியானால் எழும்பத்தான் செய்யும். வெளியே நிற்கும் 50 கிலோவின் எடை மையம் பெட்டியின் பின் விளிம்பிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கிறது; அதற்கு எதிராக அழுத்துவது 40 செ.மீ. உள்ளே இருக்கும் 20 கிலோ மட்டுமே. பெட்டியை அழுத்திப் பிடிக்க முன் விளிம்பில் இன்னும் ஏறத்தாழ 12 கிலோ தேவை. நீங்கள் இழுப்பறையின் மேல் கை ஊன்றினால் அதற்கும் மேல். சேனலும் அதன் அளவை மீறிச் சுமக்கிறது. 100 கிலோவுக்கு மேல் தாங்கும், மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் கனரகச் சேனலை வாங்குங்கள். அந்தப் பூட்டை மட்டும் நம்பாமல், முகப்பில் இருபுறமும் இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். காந்தப் பிடிப்பு மலைப்பாதைக்கு உதவாது.

பதில் 2:
என் கவலையெல்லாம் அந்த நாடாவைப் பற்றித்தான். 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உங்கள் 70 கிலோ ஏறத்தாழ 1,400 கிலோவின் விசையோடு ஓட்டுநர் முதுகை நோக்கிப் பாயும். துளையிடத்தான் வேண்டும். முதலில் வண்டியைத் தூக்கி, அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கே செல்கின்றன என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் 8 மி.மீ. போல்ட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேன் தரையின் அடிப்புறத்தில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வையுங்கள். மோதலில் போல்ட் அறுவதற்கு முன் தரைத் தகரம்தான் கிழியும். வெறும் வாஷர் அதைத் தடுக்காது. துளையின் ஓரத்தில் துருத்தடுப்பு பிரைமர் பூச மறக்காதீர்கள்.

கேட்டவர்:
போல்ட் போடும்வரை கருவிகளை இறக்கி வைத்துவிடுகிறேன். இருக்கைக்குப் பின்னால் கம்பித் தடுப்பும் வேண்டுமா, ஐயா?

பதில் 2:
கட்டாயம் வேண்டும். பெட்டியின் மேல் நீங்கள் வைக்கப்போகும் பொருள்களை எந்தப் போல்ட்டும் பிடிக்காது.