சாப்ட்வேரில் வரைந்த வீடும் தளத்தில் அளந்த வீடும் ஒத்துப்போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது?

சாட்ஸ்வொர்த் வாசி கேட்டது:

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960-களில் நகரசபை கட்டிய இரட்டை வீடு, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது. பின்புறம் வடக்கு நோக்கியது. அங்கே 6.0 × 3.6 மீட்டர் வெளியளவில் ஒரு படுக்கையறையும் சமையலறை நீட்டிப்பும் போட ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டு வரைபடச் சாப்ட்வேரில் வரைகிறேன்.

அறையின் உள்ளளவு 3.40 மீட்டர். அதையே கொடுத்துச் சுவர் போட்டேன். பிறகு வெளிச்சுவர் 25 செ.மீ., உட்சுவர் 14 செ.மீ. என்று கனத்தை மாற்றியதும் உள்ளே 3.205 மீட்டர்தான் மிஞ்சுகிறது. சாப்ட்வேரிலேயே போட்டோ எடுத்தால் வடக்கு ஜன்னல் இருட்டாக இருக்கிறது, வெயில் முழுக்கத் தெற்குச் சுவரில் விழுகிறது. கூரைக்கென்று கருவியே காணோம். செங்கல் எண்ணிக்கையும் தெரிய வேண்டும்.

தளத்தின் விவரம்: பின்சுவர் அருகே வீட்டுத் தளம் மண்ணிலிருந்து 51 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 9 மீட்டர் தூரத்தில் நிலம் 1.12 மீட்டர் இறங்குகிறது. பழைய கூரையின் அடிப்பக்கம் வீட்டுத் தளத்திலிருந்து 2.6 மீட்டர். காசு கொடுத்து வேறு சாப்ட்வேர் வாங்கினால் இதெல்லாம் தீருமா?


கொத்துக்கணக்கு பதில்:

வேறு சாப்ட்வேருக்கு மாறினாலும் முதல் சிக்கல் கூடவே வரும். அமெரிக்கச் சாப்ட்வேர்கள் மரச்சட்டச் சுவரை வைத்துத் தொடங்குகின்றன: 89 மி.மீ. சட்டம், இரு பக்கமும் 12.7 மி.மீ. பலகை, மொத்தம் ஏறக்குறைய 114 மி.மீ. நம்முடையது செங்கல் சுவர். ஒரு கல் 222 × 106 × 73 மி.மீ. இரட்டைச் சுவர் 220, பூச்சு இரு பக்கமும் 15 வைத்தால் 250. ஒற்றைச் சுவர் 110, பூச்சோடு 140. நீங்கள் போட்ட 25, 14 சரியான கனம்தான். எப்போது போட்டீர்கள் என்பதில்தான் சிக்கல்.

ஸ்வீட் ஹோம் 3டி-யில் புதுச் சுவரின் இயல்பான கனம் 7.5 செ.மீ. நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் நடுக்கோடு, கனம் அதன் இரு பக்கமும் சரிபாதியாக விரியும். 3.40 என்று கொடுத்தபோதே உள்ளளவு 3.325 ஆகிவிட்டது. கனத்தைக் கூட்டியபோது வெளிச்சுவர் உள்பக்கமாக 8.75 செ.மீ., உட்சுவர் 3.25 செ.மீ. நகர்ந்தன, அதில் இன்னும் 12 செ.மீ. போயிற்று.

முதல் கோட்டை இழுக்குமுன் விருப்பத்தேர்வுகளில் சுவர் கனம், சுவர் உயரம், தளத்தின் கனம் மூன்றையும் மாற்றுங்கள். தளத்தின் கனம் இயல்பில் 12 செ.மீ. என்று இருக்கும். பிறகு நடுக்கோட்டு நீளத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள்: உள்ளளவோடு இரு சுவர்களின் பாதிக் கனமும் சேர வேண்டும். உங்கள் அறைக்கு 3.40 + 0.125 + 0.07 = 3.595. சுவரை இழுக்கும்போதே என்டர் தட்டினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகக் கொடுக்கலாம். சுட்டெலியை நம்பி இழுத்தால் மில்லிமீட்டர் சேராது. வரைந்ததும் அறைக் கருவியால் உள்ளே இருமுறை கிளிக் செய்யுங்கள், வரும் பரப்பு உள்ளளவுப் பெருக்கலோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய வீட்டை அளக்கும்போது மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்காமல் விடாதீர்கள். 3.40 × 2.95 அறை சரியான செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 4.50 மீட்டர். இரண்டுக்கும் 40 மி.மீ. வித்தியாசம் வந்தால், 2.95 மீட்டர் சுவர் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குச் சுமார் 26 மி.மீ. விலகி நிற்கிறது என்று பொருள். அந்தக் கோணலைப் படத்தில் நேராக்கிவிட்டால், அலமாரி செய்பவர் கொண்டுவரும் பெட்டி ஒரு மூலையில் இடிக்கும், மறு மூலையில் விரல் நுழையும் இடைவெளி விடும். சுவரைக் கோணலாகவே வரையுங்கள், அலமாரி ஓரத்தில் வெட்டிப் பொருத்த 40 மி.மீ. நிரப்புப் பட்டை விடுங்கள்.

உயரங்களைச் செங்கல் வரிசையில் வையுங்கள். கல் 73, சாந்து சுமார் 12, ஆக வரிசைக்கு 85 மி.மீ. லிண்டலின் (ஜன்னல், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம்) அடி 25 வரிசை, அதாவது 2125. ஜன்னலின் அடி 11 வரிசை, 935. இடைவெளி 14 வரிசை, 1190. சாப்ட்வேரின் ஜன்னல் பட்டியலில் இருக்கும் அளவை அப்படியே விட்டால் கொத்தனார் ஒரு வரிசை முழுக்கக் கல்லை வெட்ட நேரும். கதவுப் பலகைக்கு இங்கே கடையில் கிடைக்கும் 813 × 2032-ஐக் கொடுங்கள்.


வடக்கு வெயில் பதில்:

தெற்குச் சுவரில் வெயில் விழுவதற்குக் காரணம், திசைகாட்டி இன்னும் வட அரைக்கோளத்தில் இருப்பது. வரைபடத்தில் உள்ள திசைகாட்டியை இருமுறை கிளிக் செய்து அட்சரேகை 29.86 தெற்கு, தீர்க்கரேகை 31.02 கிழக்கு, நேர மண்டலம் தென்னாப்பிரிக்கா என்று மாற்றுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்ற கோணத்தையும் மனை வரைபடத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தள்ளி, வெறுந்தரையில் 10 × 10 செ.மீ. அடியும் 1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டியை நிறுத்துங்கள். ஜூன் 21, பகல் 12 மணி என்று வைத்து மேலிருந்து போட்டோ எடுங்கள். தேதியும் நேரமும் தரத்தின் கடைசி இரண்டு படிகளில்தான் கேட்கும், சாதாரண 3டி காட்சியில் இந்த வெயில் தெரியாது. டர்பனில் அன்று நண்பகல் சூரியன் வடக்கே 36.7 டிகிரி உயரத்தில் நிற்கும், எனவே நிழல் தெற்கு நோக்கி 1.34 மீட்டர் நீள வேண்டும். டிசம்பர் 21-க்கு மாற்றினால் உயரம் 83.6 டிகிரி, நிழல் 11 செ.மீ. இந்த இரண்டும் வந்துவிட்டால் மற்ற மாதங்களை நம்பலாம். நிழல் வடக்கே விழுந்தால் அட்சரேகை இன்னும் தவறு.

டிசம்பர் காலையிலும் மாலையிலும் தெற்குச் சுவரில் கொஞ்சம் வெயில் தெரிந்தால் அது பிழையில்லை. அந்த மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து 27 டிகிரி தெற்கே தள்ளி மறைகிறது. மேற்குச் சுவரில் சமையலறை ஜன்னல் வைக்கும் எண்ணம் இருந்தால் டிசம்பர் மாலை 5 மணிக்கு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். தாழ்ந்து வரும் அந்த வெயிலைக் கூரை நீட்டம் தடுக்காது.

அறை இருட்டாக வருவதற்கு இன்னொரு காரணம், ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருப்பது. பட்டியலிலிருந்து விளக்குகளை எடுத்து வையுங்கள். 400 × 300 அளவில் பார்த்துத் திருத்திவிட்டு, கடைசியில் மட்டும் பெரிய படம் எடுங்கள். பார்வைக் கோணத்தை 60 டிகிரியைச் சுற்றி வையுங்கள். 90-க்கு ஏற்றினால் 10 சதுர மீட்டர் அறை கூடம் போலத் தெரியும், அந்தப் படத்தை நம்பிக் கட்டில் வாங்கக் கூடாது.


சீட்டுக்கூரை பதில்:

ஸ்வீட் ஹோம் 3டி-யில் சரிவுக் கூரையைத் தானாகப் போடும் கருவி இல்லை. உங்களுடையது ஒரு பக்கச் சாய்வு என்பதால் பெட்டி ஒன்றே போதும். 3.6 மீட்டர் ஆழமும் 0.6 மீட்டர் நீட்டமும் சேர்த்து 4.2. ஐபிஆர் என்ற மடிப்புத் தகரக் கூரைச் சீட்டுக்கு 5 டிகிரி சாய்வு என்றால் சரிவு நீளம் 4.216 மீட்டர், உயர வித்தியாசம் 367 மி.மீ. 5 செ.மீ. தடிப்புள்ள பெட்டியை எடுத்து 5 டிகிரி சாய்த்து, தனி மட்டத்தில் வையுங்கள். உள்ளே பார்க்கும்போது அந்த மட்டத்தை மறைத்துக்கொள்ளலாம். பக்கச் சுவர்களுக்கு இரு நுனியிலும் வெவ்வேறு உயரம் கொடுக்க முடியும். நாலு பக்கச் சரிவு வேண்டுமானால் பிளெண்டர் என்ற 3டி சாப்ட்வேரில் செய்து ஓபிஜே கோப்பாகக் கொண்டுவாருங்கள், அளவை இறக்குமதியின் கடைசிப் படியில் கையால் கொடுங்கள். கீழிருந்து பார்க்கும்போது கூரை காணாமல் போனால் பின்முகத்தையும் காட்டும்படி குறியிடுங்கள்.

சாப்ட்வேர் எச்சரிக்காத ஒன்று உங்கள் எண்களிலேயே இருக்கிறது. பழைய கூரைக்கு அடியில் 2.6 மீட்டரில் தொடங்கி 5 டிகிரி இறங்கினால், வீட்டிலிருந்து 2.29 மீட்டர் தள்ளியதுமே உயரம் 2.4-க்குக் கீழே போய்விடும். வெளிச்சுவரில் 2.285 மீட்டர்தான். சீலிங்கும் பர்லினும் (சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) போட்டால் இன்னும் குறையும். வசிக்கும் அறைக்கு 2.4 மீட்டர் என்ற விதியோடு இது மோதக்கூடும்.

நிலம் பின்னால் இறங்குவது இங்கே கைகொடுக்கிறது. புது அறையின் தளத்தை 170 மி.மீ. உயரமுள்ள இரண்டு படி, அதாவது 340 மி.மீ. இறக்குங்கள். வெளிச்சுவரில் 2.625 கிடைக்கும். வீட்டுத் தளம் 510 உயரத்தில் இருப்பதால் புதுத் தளம் மண்ணுக்கு மேல் இன்னும் 170 இருக்கும், ஈரம் ஏறாது.

கூரை நீட்டத்தின் நுனி அப்போது புதுத் தளத்திலிருந்து 2.573 மீட்டரில் வரும். ஜூன் நண்பகலில் 600 மி.மீ. நீட்டம் சுவரில் 447 மி.மீ. நிழல் இறக்கும், அதாவது 2.126 வரை. ஜன்னலின் மேல்விளிம்பு 2.125. குளிர்காலத்தில் கண்ணாடி முழுக்க வெயில், டிசம்பர் நண்பகலில் முழுக்க நிழல். இந்த நீட்டத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.


சாட்ஸ்வொர்த் வாசி:

நன்றி அண்ணா. பெட்டியின் நிழல் இப்போது தெற்கே 1.34 வருகிறது, அறையும் 3.40 காட்டுகிறது. பின்கதவுக்கு வெளியே எத்தனை படி? இந்த வரைபடத்தையே அச்சிட்டு மாநகராட்சியில் கொடுக்கலாமா?


கொத்துக்கணக்கு பதில்:

வெளிச்சுவர் அருகே மண் 448 மி.மீ. இறங்கியிருக்கும், அதோடு 170 சேர்த்தால் 618. மூன்று படி வைத்தால் ஒன்று 206 வரும், விதி அனுமதிப்பது 200 வரைதான். எனவே நான்கு படி, தலா 154.5. மிதி அகலம் 250-க்குக் குறையக் கூடாது. சாப்ட்வேரின் படிக்கட்டு மாதிரியை உயரம் மட்டும் மாற்றி நசுக்காதீர்கள், படி எண்ணிக்கை மாறாமல் ஒவ்வொரு படியும் தப்பாகிவிடும். நான்கு பெட்டிகளை அடுக்குவது நல்லது. பின்னாளில் 1 மீட்டருக்கு மேல் இறக்கம் உள்ள இடத்தில் திண்ணை போட்டால் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரம் வேண்டும். அமெரிக்கச் சாப்ட்வேர்கள் 36 அங்குலம், அதாவது 914 மி.மீ. வைத்துத் தரும்.

செங்கல் எண்ணிக்கையை இந்தச் சாப்ட்வேர் தராது, கணக்குத்தாளில் போடுங்கள். நடுக்கோட்டில் வடக்கு வெளிச்சுவர் 5.78 மீட்டர், பக்கச் சுவர் தலா 3.49. வடக்கு வெளிச்சுவர் உயரம் 2.625, பக்கச் சுவர்களின் சராசரி 2.78. மொத்தம் 34.58 சதுர மீட்டர். 0.9 × 2.125 கதவு ஒன்றும் 1.5 × 1.19 ஜன்னல் இரண்டும் கழித்தால் 29.10. இரட்டைச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 102 கல் வீதம் 2,968. தளத்துக்குக் கீழே, சரிவில் எழும்பும் சுவர் 6.32 சதுர மீட்டர், அதற்கு 645. பலரும் மறப்பது இதைத்தான். உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 4,000 கல் சொல்லுங்கள். 14 செ.மீ. உட்சுவரும் மண்ணுக்கு அடியில் போகும் வரிசைகளும் இதில் சேரவில்லை, அஸ்திவார ஆழம் முடிவானதும் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியளவை வைத்துக் கணக்குப் போடும் சாப்ட்வேராக இருந்தால் மூலைகளை இருமுறை எண்ணும்: இதே வீட்டுக்கு 121 கல் அதிகம் காட்டும்.


வடக்கு வெயில் பதில்:

மாநகராட்சிக்கு அப்படியே கொடுக்க முடியாது. கட்டட வரைபடத்தை கட்டடக்கலைஞர்களைப் பதிவுசெய்யும் மன்றமான எஸ்ஏகேப்-இல் (SACAP) பதிவுபெற்றவர்தான் சமர்ப்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் கோப்பு அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும். 1:100 அளவில் பிடிஎப் எடுத்து, அளந்த உள்ளளவுகள், மூலைவிட்டங்கள், மண் மட்டங்கள் மூன்றையும் அதில் எழுதிக் கொடுங்கள். புதுச் செங்கல் வேலையைச் சிவப்பிலும் இருப்பதைச் சாம்பல் நிறத்திலும் காட்டினால் அவர் கேட்கப்போவது பாதி குறையும். ஜன்னல் பரப்பையும் குறித்துவிடுங்கள்: 10.03 சதுர மீட்டர் அறைக்குத் தரைப்பரப்பில் பத்து சதவீதம், அதாவது 1.0 சதுர மீட்டர் வெளிச்சத்துக்கு வேண்டும், அதில் பாதியாவது திறக்க வேண்டும். உங்கள் 1.5 × 1.19 ஜன்னல் ஒன்றே 1.785 தருகிறது.

வீடு கட்டிய ஆண்டை முதலில் உறுதிசெய்யுங்கள். 60 ஆண்டு கடந்திருந்தால், 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி மாற்றிக் கட்டத் தனி அனுமதி வேண்டும், இங்கே அது மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவிடம். 1960-களின் வீடுகள் ஒவ்வொன்றாக இந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட்டாக இருந்தால் புதுக் கூரையை அதில் துளையிட்டு மாட்டும்படி வரையாதீர்கள். புதுப் பர்லின்களைச் சுவரில் தாங்கவிட்டு, இரண்டு கூரைக்கும் நடுவே தகரத் தடுப்பைத் தனியாகக் காட்டுங்கள்.