டார்ஜிலிங்கில் நாம் சந்தித்த மனிதர்கள்

குன்னூரிலிருந்து:

டார்ஜிலிங் போய்வந்தவர்கள் அங்கே யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். பார்த்த இடங்களின் பட்டியல் எல்லா டிராவல்ஸ்காரர்களிடமும் இருக்கிறது. ‘த்ரீ பாயிண்ட்’, ‘செவன் பாயிண்ட்’ என்று ஊரைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் இறங்கி, படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும். யாரிடமும் நின்று பேச முடியாது. அந்த ஓட்டம் அந்த ஊருக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லோகோ ஷெட்டில் கரி உடைக்கிறவர் ஒருவரைப் பார்த்தேன். நீல நிறச் சிறிய நீராவி இன்ஜின். 1889 முதல் இந்தப் பாதைக்கு வரத் தொடங்கிய ‘பி’ வகை. அதன் கரித்தொட்டி மேலேயே உட்கார்ந்து, பெரிய கட்டிகளைச் சுத்தியலால் தட்டிச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். ஊட்டி ரயில் ஓடுகிற ஊர் என்றதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்களுடையதில் பல்சக்கரம் உண்டு இல்லையா? எங்களுக்கு மணல்தான்” என்று இன்ஜின் முன்பக்கத்தைக் காட்டினார். கல்லாறிலிருந்து குன்னூர்வரை நம் ரயில் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்லைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இங்கே பல் கிடையாது. இரண்டடி அகலத் தண்டவாளம், வெறும் சக்கரம். மழையில் தண்டவாளம் நனைந்தால் சக்கரம் வழுக்கும். அப்போது முன்னால் உட்கார்ந்திருக்கிற இருவர் கையால் மணலைத் தூவுவார்களாம். செங்குத்தான இடங்களைச் சமாளிக்கப் பாதையையே வளையமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். சில இடங்களில் ரயில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் ஒரு படி மேலேறும். 1881இல் டார்ஜிலிங்வரை வந்துவிட்ட பாதை இது. யுனெஸ்கோ 1999இல் இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2005இல் நம் நீலகிரி ரயிலும் அதே பட்டியலில் சேர்ந்தது. அதைச் சொன்னபோது, “அப்போ நாம ஒரே குடும்பம்” என்று கரி படிந்த கையை நீட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பா குன்னூர் ஷெட்டில் வேலை பார்த்தவர்.

மறுநாள் பக்கத்து ஸ்டேஷனான கூம் வரை போய்த் திரும்புகிற சுற்றுலா ரயிலான ஜாய் ரைடில் ஏறினேன். கடைகளின் வாசலைத் தொட்டுக்கொண்டு வண்டி போகிறது. கை நீட்டினால் காய்கறிக் கூடை. பதாசியா வளைவில் பத்து நிமிஷம் நிற்கும். எல்லோரும் படமெடுக்க ஓடுகிறார்கள். நடுவில் இருப்பது சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்கொடுத்த கூர்க்கா வீரர்களின் நினைவிடம். அங்கே ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வண்டி ஊதும்வரை அசையாமல் நின்றார். யார், என்ன என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திருச்சியிலிருந்து:

அண்ணா, நான் காஞ்சன்ஜங்கா மலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிற டைகர் ஹில் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் போனது மே மாதம். விடியற்காலை மூன்றரைக்கு ஜீப் வந்தது. 2,590 மீட்டர் உயரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றோம். கிழக்கே கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். மேகம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் பெரியவன் அழுதேவிட்டான்.

அங்கே பிளாஸ்க்கில் காபி விற்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு தீதீ (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அவனைப் பக்கத்தில் இழுத்து, சூடான கப்பை அவன் கையில் பொதித்து, “மலை எங்கேயும் போகாது பாபு. நவம்பரில் வா, முகத்துக்கு நேரே நிற்கும்” என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் அந்த இருட்டில் ஏறி வருகிற அவருக்கே எத்தனையோ நாள் மலை தெரிவதில்லையாம். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிந்திருக்கும் என்று ஊரில் எல்லோருமே சொன்னார்கள். பள்ளி விடுமுறையை நம்பிப் போகிற நமக்குத்தான் அது வாய்ப்பதில்லை.

திரும்பும்போது டிரைவர் ஒரு விஷயம் சொன்னார். 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்காவில் 1955இல் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் என்பதால், உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னால் ஏறிய பலரும் அதையே கடைப்பிடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டபின் என் மகன் மேகத்தைப் பற்றிப் புலம்பவே இல்லை.

அன்று மதியம் ஊர்ச் சதுக்கமான சௌரஸ்தாவிலிருந்து மேலேறி மகாகாள் கோவிலுக்குப் போனோம். மணிகளும் பௌத்தக் கொடிகளும் சேர்ந்து ஆடுகின்றன. சன்னதிக்குள் ஒரு பக்கம் பூசாரி, மறு பக்கம் பௌத்தத் துறவி. இவர் பொட்டு வைத்தார், அவர் மந்திரம் சொல்லிக் கயிறு கட்டினார். முன்பு அந்தக் குன்றின்மேல் ஒரு பௌத்த மடம் இருந்ததாம். எந்தச் சாமிக்கு எங்கே நின்று கும்பிடுவது என்று என் மாமியார் கேட்டார். “இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள், அம்மா” என்றார் துறவி.

மதுரையிலிருந்து:

உயிரியல் பூங்காவை ஜூதானே என்று விட்டுவிடாதீர்கள். சரோஜினி நாயுடுவின் மகளும் மேற்கு வங்க ஆளுநராக இருந்தவருமான பத்மஜா நாயுடுவின் பெயர் வைத்த பூங்கா. பனிச்சிறுத்தையையும் சிவப்புப் பாண்டாவையும் இனப்பெருக்கம் செய்து காக்கிறார்கள். இங்கே பிறந்த பாண்டாக்கள் சிங்காலிலா காட்டில் விடப்பட்டிருக்கின்றன. ஒரு பராமரிப்பாளர், கூச்சலிட்ட எங்கள் கூட்டத்தை வாயில் விரலை வைத்து நிறுத்திவிட்டு, மூங்கில் இலைக்கு நடுவே ஒரு பாண்டாவைக் காட்டினார். தன் வீட்டுக் குழந்தையைக் காட்டுகிறவர் முகம் அது.

அதே வளாகத்தில்தான் 1954இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. எவரெஸ்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே அங்கே பயிற்சி இயக்குநராக இருந்தார். அவர் சமாதியும் அங்கேதான். வியாழக்கிழமை விடுமுறை, கவனம்.

ஈரோட்டிலிருந்து:

நாங்கள் ஹோம்ஸ்டேயில் தங்கினோம். காலையில் ஆலூ தம், செல் ரொட்டி என்று வயிறு நிறையப் போட்ட அந்த வீட்டு அம்மா, குளிக்க மட்டும் ஒரே ஒரு வாளி வெந்நீர் கொடுத்தார். எங்கள் பெண்கள் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, வெளியே அழைத்துப் போய்ச் சரிவெங்கும் ஓடுகிற ரப்பர் குழாய்களைக் காட்டினார். ஊருக்குத் தண்ணீர் செஞ்சல் ஏரிகளிலிருந்து வருகிறது. ஊரின் பெருக்கத்துக்கு அது போதவில்லை, வெயில் காலத்தில் டேங்கர்தான். மழை கொட்டுகிற மலையில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

திருச்சி அக்காவுக்கு ஒரு கேள்வி. அடுத்த முறை என் அம்மாவையும் அழைத்துப் போகிறேன், எழுபது தாண்டியவர். மகாகாள் ஏற முடியுமா?

திருச்சியிலிருந்து:

ஏற்றம் செங்குத்துதான் தம்பி, முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். அதற்குப் பதில் சௌரஸ்தாவிலிருந்து அதே குன்றைச் சுற்றி வருகிற மால் ரோட்டில் அழைத்துப் போங்கள். வண்டிகள் வராது, பெரிய ஏற்றமும் இல்லை, உட்கார பெஞ்சுகள் இருக்கின்றன. குன்றின் பின்பக்கம் திரும்பும் இடத்தில், வானம் தெளிந்திருந்தால் காஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரியும். காலை ஏழு மணிக்குள் போங்கள். சால்வையை மறக்காதீர்கள்.