சமநிலை நரம்புறைக் கட்டி: ஒரு முன்மொழிவும் அதற்கான காரணங்களும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தீங்கற்ற செவிநரம்புக் கட்டி’ என்பதே போதும். எளிமையாக இருக்கிறது, ஓரளவு பழகியும் விட்டது.

உட்செவியையும் மூளையையும் இணைக்கும் நரம்பில் வரும் ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்ற கட்டிக்கும் அதன் மருத்துவத்துக்கும் ஏற்ற தமிழ்ச் சொற்கள் எவை என்று பேசும் இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன். எளிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேலே உள்ள தொடரில் ‘தீங்கற்ற’ என்பதும் ‘செவிநரம்பு’ என்பதும் பொருளைத் திரித்து விடுகின்றன. இக்கட்டி உள்ளவருக்கு முன்னால் அறுவை, கதிர், கண்காணிப்பு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டி சிறியதாக இருக்கும்போது அவற்றுள் ஒன்றை அவரே மருத்துவருடன் கலந்து பேசித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேளையில் அவர் காதில் விழும் பெயர் அவரை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதே என் கவலை.

முதலில் நரம்பை எடுத்துக்கொள்வோம். எட்டாம் மூளை நரம்புக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று கேட்பதற்கு, மற்றொன்று உடலின் சமநிலைக்கு. கட்டி முளைப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான். அதுவும் நரம்பிழையிலிருந்து அன்று, இழையைச் சுற்றி உறையாக அமையும் ஷ்வான் உயிரணுக்களிலிருந்து. எனவே ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்ற பழைய பெயரில் இடமும் தவறு, உயிரணுவும் தவறு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1991-இல் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு ‘வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா’ (சமநிலை நரம்பின் ஷ்வான் உயிரணுக் கட்டி) என்ற பெயரைப் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். ஆங்கிலத்தில் திருத்திக்கொண்ட பிழையை நாம் ‘செவிநரம்பு’ என்று தமிழில் புதிதாக நிலைநாட்ட வேண்டியதில்லை.

சமநிலை நரம்பில் முளைக்கும் கட்டிக்குச் செவியின் பெயர் எப்படி வந்தது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்நரம்பு, சமநிலை நரம்பு, முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு ஆகிய எல்லாமே ஒரு குறுகிய எலும்புக் குழாயின் வழியாகத்தான் செல்கின்றன. கட்டி மெதுவாக வளர்வதால் சமநிலையில் ஏற்படும் இழப்பை மூளை மறுபக்கச் செவியின் துணையோடு ஈடுகட்டிக்கொள்கிறது; கேட்கும் திறன் இழப்பை அவ்வாறு மறைக்க முடிவதில்லை. ஆகவே நோயாளி முதலில் உணர்வது ஒரு காதில் கேட்கும் திறன் குறைவதையும் காதிரைச்சலையும்தான். இக்கட்டி உள்ள என் பெரியம்மாவும் முதலில் சொன்னது, “இடக்காதில் போனை வைத்தால் சத்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை” என்பதுதான்.

ஆனால் அவருடைய அன்றாடத்தை மாற்றியது அது மட்டுமன்று. சாப்பிட உட்காரும்போது இடப்பக்கம் சுவர் இருக்குமாறு இடம் பார்த்து உட்காருவார். அப்படி உட்கார்ந்தால்தான் பேசுபவர்கள் எல்லோரும் வலக்காதுப் பக்கம் இருப்பார்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடியதும் உடலை நிறுத்தக் கண் தரும் துணை போய்விடுகிறது என்பது எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது. ‘செவிநரம்புக் கட்டி’ என்று கேள்விப்பட்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்தத் தள்ளாட்டத்தைக் கட்டியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வயதின் கோளாறு என்றே இருந்துவிட்டோம். பெயரிலேயே ‘சமநிலை’ இருந்திருந்தால் ஒருவராவது கேட்டிருப்போம்.

ஆகவே என் முன்மொழிவு: சமநிலை நரம்புறைக் கட்டி.

> ‘உறை’ என்றால் இரத்தம் உறைவது நினைவுக்கு வராதா?

வரலாம். ஆனால் தலையணை உறை, கத்தி உறை என்று பெயர்ச்சொல்லாக அது நம் வாயில் புழங்கும் சொல். ‘நரம்புறை’ என்ற தொகையில் மயக்கம் வராது என்றே நினைக்கிறேன். இச்சொல்லுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. உறையிலிருந்து கிளம்பும் கட்டி அண்டையில் உள்ள நரம்புகளை ஊடுருவுவதைவிட ஒதுக்கித் தள்ளியே வளர்கிறது. முகநரம்பு கட்டியின் மேல் நாடாவைப் போல நசுங்கிப் படர்ந்திருக்க, அதைக் கெடுக்காமல் பிரித்தெடுப்பதே அறுவையின் பெரும்பாடு. ‘உறை’ என்ற சொல் அதை ஓரளவு கண்முன் நிறுத்துகிறது. நரம்புநார்க் கட்டி (நியூரோஃபைப்ரோமா), மூளையுறைக் கட்டி (மெனிஞ்சியோமா) ஆகிய வேறு கட்டிகளின் பெயர்களோடும் இது குழம்பாது.

அடுத்து ‘தீங்கற்ற’. பரவாது, உயிரணு அளவில் புற்றின் இயல்பு இல்லை என்பதைச் சொல்ல வந்த அடை, கேட்பவருக்கு “ஒன்றும் செய்யாது” என்று கேட்கிறது. பெரிதாக வளர்ந்த கட்டி மூளைத்தண்டை அழுத்தும். மூளைத் தண்டுவட நீரின் ஓட்டத்தையும் தடுக்கும். அந்த நிலையில் அறுவையைத் தள்ளிப்போடுபவரிடம் ‘தீங்கற்ற’ என்பது பொய்யான ஆறுதலாகி விடுகிறது. ‘சாதுவான கட்டி’ என்பதற்கும் இதே குறைதான். கட்டி என்று கேட்டவுடன் எவரும் முதலில் கேட்கும் கேள்வி “புற்றா?” என்பதே. எனவே புற்றல்லாக் கட்டி என்பது அந்தக் கேள்விக்கு மட்டும் நேராக விடை சொல்லி, அதற்கு மேல் எந்த வாக்குறுதியும் தராமல் நின்றுவிடுகிறது. எதிர்மறையால் வரையறுப்பது அழகன்று என்ற கருத்தை மதிக்கிறேன். இங்கே அழகைவிட நேர்மை முக்கியம்.

இக்கட்டிக்குக் கதிரால் செய்யும் மருத்துவத்தைக் குறிக்கும் ‘காமா கத்தி’, ‘கதிர் அறுவை’ ஆகிய சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தி இல்லை, அறுப்பதும் இல்லை. சுமார் 200 கோபால்ட்-60 மூலங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் ஒன்றாகக் குவிகின்றன. நோக்கம் கட்டியை அகற்றுவதன்று, வளர்ச்சியை நிறுத்துவது. குவிகதிர் மருத்துவம் என்றால் போதும். கருவியின் வணிகப் பெயரை ‘காமா நைஃப்’ என்றே ஒலிபெயர்த்துக்கொள்ளலாம்.

கண்காணிப்பு வழியைக் ‘காத்திருந்து பார்த்தல்’ என்று அழைப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். அதைக் கேட்ட பெரியம்மா, “அப்படியானால் நம்மைக் கைவிட்டு விட்டார்களா?” என்று கேட்டார். பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கின்றன. வளர்பவையும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். முதலில் சில மாதங்கள் கழித்தும் பின்னர் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்து, வளர்ந்தால் வழியை மாற்றுவது திட்டமிட்ட மருத்துவம். அது சும்மா இருத்தலன்று. நார்வேயில் 2 செ.மீ.க்கும் குறைவான கட்டி புதிதாகக் கண்டறியப்பட்ட 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே குவிகதிர் அளித்தும் மற்றொன்றைக் கண்காணித்தும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2023-இல் வெளியானது. கட்டியின் பருமனைக் குறைப்பதில் கதிர் தெளிவாக முந்தியது. ஆனால் கேட்கும் திறனிலும் நோயாளிகள் தாமே மதிப்பிட்ட வாழ்நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இவ்வளவு தகுதியுள்ள ஒரு வழிக்குத் தொடர்கண்காணிப்பு என்ற மதிப்பான பெயர் கொடுப்பதே முறை.

மேலே ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’ என்பதற்கு ‘வாழ்நலம்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘வாழ்க்கைத் தரம்’ என்பது வருமானம், வீடு, வசதி என்ற பொருளில் நம்மிடம் ஆழமாக வேரூன்றிய சொல். “சிகிச்சைக்குப் பின் உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்ற கேள்விக்கு, “குறையொன்றும் இல்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்” என்றே பெரியம்மா பதில் சொன்னார். கேட்க வந்தது அதுவன்று. இந்நோய்க்கென்றே 2010-இல் உருவாக்கப்பட்ட வினாப்பட்டியல் கேட்கும் திறன், சமநிலை, முகம், வலி, மனப்பதற்றம், உடல் தெம்பு, பொது உடல்நலம் என்று ஏழு கூறுகளில் 26 கேள்விகளைக் கேட்கிறது. இதுவரை வந்த ஆய்வுகளில் கேட்கும் திறன் இழப்பைவிடத் தலைச்சுற்றலும் தலைவலியுமே வாழ்நலத்தை அதிகமாகக் குறைப்பதாகத் தெரியவந்திருக்கிறது. கட்டியின் அளவை எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும், இதை நோயாளி மட்டுமே சொல்ல முடியும். அவர் சரியாகச் சொல்வதற்குக் கேள்வியில் உள்ள சொல் சரியாக இருந்தாக வேண்டும். வாழ்நலம் என்பதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் ‘வாழ்வுநலம்’, ‘வாழ்நிலை’ போன்றவற்றை எடைபோட்டுச் சொல்லுங்கள். ‘தரம்’ மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று தீர்க்கப்படாமல் இருக்கிறது. இருபக்கமும் இக்கட்டி வரும் மரபுவழி நோய்க்கு 2022-இல் பெயர் மாற்றி, நரம்புநார்க் கட்டியின் பெயரை விட்டு ஷ்வான்னோமாவின் பெயரைச் சேர்த்தார்கள். ‘நரம்புறைக் கட்டி’ ஏற்கப்பட்டால் அதற்கு ‘பல்நரம்புறைக் கட்டி நோய்’ என்று அமைக்கலாமா, அல்லது ‘நரம்புறைக் கட்டிப் பெருக்கம்’ பொருந்துமா என்பதில் எனக்கே தெளிவில்லை. பெருக்கம் என்றால் கட்டி பெரிதாவது என்று பொருள்படுமோ என்ற ஐயம் இருப்பதால் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். மரபியல் துறையில் உள்ள நண்பர்கள் கருத்துச் சொன்னால் இவ்வாரக் கலைச்சொல் பட்டியலில் அதையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.